ஐகான்களின் கதை: எழுத்து தமிழ், படம் யாருடையது?

இந்த முறை கொஞ்சம் நீளமான கட்டுரை. ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால் நல்லது.

லினக்ஸில் ஐகான் தீம் மாற்றுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது வேறு. அந்த ஐகான்கள் எங்கிருந்து வந்தன? அவற்றை மாற்றும் உரிமை நமக்கு எப்படிக் கிடைத்தது? கிடைத்த உரிமையை வைத்து நாம் என்ன செய்தோம்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. அது பிற்பாதியில் வரும்.

ஒரு மஞ்சள் உறையின் பூர்வீகம்

எந்தக் கணினியைத் திறந்தாலும் கோப்புறைக்கு ஏறக்குறைய ஒரே உருவம்தான். மேல் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் சின்னக் காது நீட்டிக்கொண்டிருக்கும் அட்டை உறை. விண்டோஸில் அது மஞ்சள். கேடிஈ-யில் நீலம். பழைய உபுண்டுவில் ஆரஞ்சு. நிறம் மாறும், காது மாறாது.

அது அமெரிக்க அலுவலகங்களில் புழங்கிய மணிலா உறை. பிலிப்பைன்ஸில் விளையும் அபாகா என்ற வாழை இனச் செடியின் நாரில் அந்தக் காலத்தில் செய்த தாள் அது. அந்த வெளிர் மஞ்சள் நாரின் நிறம். மணிலா என்ற பெயரும் அந்த நாட்டுத் தலைநகரிலிருந்து வந்தது. காது எதற்கு? உறைகளை இழுப்பறைக்குள் நிற்க வைத்து அடுக்கும்போது மேலிருந்து பார்த்தால் பெயர் தெரிய வேண்டும், அதற்குத்தான். இப்படி நிற்க வைத்து அடுக்கும் முறை 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆமாம், விவேகானந்தர் பேசிய சர்வசமய மாநாடு நடந்ததும் அதே ஆண்டு, அதே ஊர், அதே கண்காட்சியையொட்டித்தான். நமக்கு அங்கிருந்து சொற்பொழிவு வந்தது. உலகத்து அலுவலகங்களுக்குக் காது வைத்த உறை போனது.

நம் ஊர் ஆபீஸ்களில் ஃபைல் நிற்பதில்லை, படுத்திருக்கும். அட்டை ஃபைலுக்குள் காகிதத்தைத் துளையிட்டு டேக் கோர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கட்டுக் கட்டாக ரேக்கில் ஏற்றியிருப்பார்கள். கணக்குப்பிள்ளை மேசையில் துணி பைண்டிங் போட்ட பேரேடு இருக்கும். காது வைத்த உறையை நம்மில் பலர் முதலில் பார்த்ததே கணினித் திரையில்தான்.

அந்த உறை திரைக்குள் வந்த கதை சுருக்கமாக. ஐகான் என்ற சொல்லைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித். 1975-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் அது வருகிறது. பிறகு அவரும் சேர்ந்து வேலை செய்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி 1981-ல் சந்தைக்கு வந்தது. அதன் திரை ஒரு அலுவலக மேசை. ஆவணம், கோப்புறை, இழுப்பறை, வரும் தபால் தட்டு, போகும் தபால் தட்டு எல்லாம் படங்களாக இருந்தன. படங்களை வரைந்தவர் நார்ம் காக்ஸ். 1983-ல் ஆப்பிளின் லிசாவில் குப்பைத்தொட்டி சேர்ந்துகொண்டது. 1984-ல் மேக்கின்டாஷுக்கு சூசன் கேர் வரைந்த படங்கள் 32க்கு 32 கட்டம். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு சதுரமாக நிரப்பித்தான் அவர் பழகினார்.

இவர்கள் செய்ததில் தவறு ஒன்றும் இல்லை. தங்கள் ஆபீஸில் கண்ணுக்கு எதிரே இருந்ததை வரைந்தார்கள். வாங்குகிறவர்களும் அதே மாதிரி ஆபீஸில் உட்கார்ந்தவர்கள். ஆனால் அந்த மேசை உலகம் முழுக்கப் போனபோது, பார்க்கிறவர்களின் மேசை எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

லினக்ஸ் செய்த புதுமை

1996 அக்டோபரில் ஜெர்மனியில் மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிக் கேடிஈ திட்டத்தை அறிவித்தார். 1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மெனாவும் க்னோம் தொடங்கினார்கள். லினக்ஸுக்கு இரண்டு மேசைகள் கிடைத்தன. இரண்டும் அதே அமெரிக்க மேசையைத்தான் பார்த்து வரைந்தன. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. படங்கள் நிரலுக்குள் புதைக்கப்படாமல் தனி அடைவில் கோப்புகளாகக் கிடந்தன. யார் வேண்டுமானாலும் வேறு படம் போட்டுப் பார்க்கலாம். போட்டும் பார்த்தார்கள். 2001-ல் ஃபிராங்க் கார்லிட்செக் தொடங்கிய கேடிஈ-லுக் தளத்தில் தீம்கள் வந்து குவிந்தன.

சிக்கல் பெயரில் வந்தது. "சேமி" என்ற பொத்தானின் படத்தைக் கேடிஈ "ஃபைல்சேவ்" என்றது, க்னோம் பக்கம் "ஜிடிகே-சேவ்" என்றது. ஒரு தீம் செய்கிறவர் ஒரே படத்தை இரண்டு மூன்று பெயர்களில் வைக்க வேண்டும். இதைத் தீர்க்க வந்தவை, 2000-ல் ஹாவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் வழியாக உருவான இரண்டு விதிநூல்கள். முதலாவது, தீம் ஒன்று எப்படி அடுக்கப்பட வேண்டும் என்று சொன்னது. இரண்டாவது, எந்தப் படத்துக்கு என்ன பெயர் என்று சொன்னது. 2005-ல் தொடங்கிய டாங்கோ திட்டம் அந்தப் பொதுப் பெயர்களை வைத்தே ஒரு முழுத் தொகுதி வரைந்து காட்டியது. சேமிப்பதற்கு அவர்கள் ஃபிளாப்பியை வரையவில்லை என்பது கவனிக்க வேண்டியது. ஹார்ட் டிஸ்க், அதன்மேல் கீழ்நோக்கிய அம்பு. 2008-ல் கேடிஈ-யின் நான்காம் பதிப்பும் பொதுப் பெயர்களுக்கு மாறியது.

இது ஏன் பெரிய விஷயம்? நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். ஷூ கம்பெனியில் லாஸ்ட் என்று ஒன்று இருக்கும். கால் வடிவத்தில் இருக்கும் அச்சு. ஷூவின் மேல்பாகமான அப்பரை அதன்மேல் இழுத்து ஒட்டித்தான் ஷூ உருவாகும். லாஸ்ட் ஒன்றே இருந்தாலும் அப்பருக்குக் கறுப்புத் தோல் போடலாம், பழுப்பு போடலாம், தையலை மாற்றலாம், வாரும் வைக்கலாம். கால் அதே கால், ஷூ வேறு ஷூ. ஐகானின் பெயர்தான் லாஸ்ட். "யூசர்-ஹோம்" என்ற பெயர் நிலையானது. அதன்மேல் யார் எந்த வீட்டை இழுத்துப் போர்த்தினாலும் நிரலுக்குக் கவலையில்லை.

ஷூவுக்கு அளவு உண்டு, ஐகானுக்கும் உண்டு. 16, 22, 32, 48 என்று தனித்தனி அடைவுகள். பெரிய படத்தை அப்படியே சுருக்கினால் 16 கட்டத்தில் கூழாகிவிடும். அதனால் நல்ல தீம்களில் சின்ன அளவைத் தனியாக வரைவார்கள். கோடு குறையும், நிறம் குறையும், அடையாளம் மட்டும் மிஞ்சும்.

இன்னொரு முக்கியமான ஏற்பாடு, வாரிசு முறை. ஒரு தீமில் ஒரு படம் இல்லையென்றால் கணினி அது சொல்லும் தாய்த் தீமில் தேடும். அங்கேயும் இல்லாவிட்டால் கடைசியில் "ஹைகலர்" என்ற பொதுத் தொகுதிக்குப் போகும். அதாவது ஆயிரம் படம் வரைந்தால்தான் தீம் என்பதில்லை. மூன்றே படம் வரைந்தாலும் அது தீம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வார்த்தைகள் தமிழான கதை

இதே "பெயர் வேறு, உருவம் வேறு" என்ற கொள்கை எழுத்துக்கு முன்பே வந்துவிட்டது. க்னூ திட்டத்தின் கெட்டெக்ஸ்ட் கருவி 1995-லேயே வெளியானது. நிரலில் இருக்கும் ஒவ்வொரு வாசகத்தையும் தனிக் கோப்பில் எடுத்து வைத்து, பக்கத்தில் மொழிபெயர்ப்பை எழுதிக்கொள்ளும் வசதி. நிறுவனத்தின் அனுமதி வேண்டாம். சந்தை எவ்வளவு பெரியது என்று நிரூபிக்க வேண்டாம்.

இந்தக் கதவு வழியாகத் தமிழர்கள் நன்றாகவே நுழைந்தார்கள். அது சுலபமான காலமும் அல்ல. எழுத்துக் குறியாக்கத்திலேயே சண்டை. இணையத் தமிழர்கள் கூடிச் செய்த திஸ்கி ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து வந்த டாம், டாப் ஒரு பக்கம். யூனிகோடு இன்னொரு பக்கம். தமிழ்99 விசைப்பலகையும் அந்த மாநாட்டின் வரவுதான். இந்தக் குழப்பத்துக்கு நடுவே கனடா, அமெரிக்கா, இலங்கை, தமிழ்நாடு என்று சிதறிக் கிடந்தவர்கள் மடலாடற் குழுக்களில் கூடி, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேடிஈ-யையும் க்னோமையும் வாசகம் வாசகமாகத் தமிழாக்கினார்கள். சென்னையில் ழ கணினிக் குழு சேர்ந்துகொண்டது. தமிழா குழு எ-கலப்பையையும் ஓப்பன் ஆபிஸின் தமிழ் முகத்தையும் தந்தது. 2004-ல் ரெட் ஹேட் வெளியிட்ட லோஹித் எழுத்துருக்களில் தமிழும் இருந்தது.

பிறகு அரசும் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வெளியானது. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் சுஸே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. 2012 முதல் கணியம் இதழ் லினக்ஸைத் தமிழில் சொல்லிக்கொடுத்து வருகிறது.

ஆக "கோப்பு", "தொகு", "அமைப்புகள்" என்று திரை முழுக்கத் தமிழ் வந்துவிட்டது. காசு வாங்காமல் ராத்திரி கண்விழித்து உழைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் "கோப்புறை" என்ற தமிழ்ச் சொல்லுக்கு மேலே இருந்த படம்? அதே காது வைத்த மணிலா உறை.

படத்துக்கும் ஊர் உண்டு

படத்துக்கு மொழி கிடையாது, எல்லோருக்கும் புரியும் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. எழுத்துச் செயலியில் தடித்த எழுத்துக்கான பொத்தானைப் பாருங்கள். ஆங்கிலத்தில் "பி". லிப்ரெஆபிஸை ஜெர்மன் மொழியில் திறந்தால் அதே இடத்தில் "எஃப்" இருக்கும், அவர்கள் சொல்லின் முதலெழுத்து. அவர்களுக்காகத் தனிப் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். நமக்கு "த" என்று இருக்கலாமா, வேறு எழுத்து பொருந்துமா என்பதெல்லாம் நாம்தான் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி.

ஆம்பூர் பஜாரில் நடந்தால் தமிழோடு உருதுப் பலகைகளையும் பார்க்கலாம். உருது வலமிருந்து இடம் போகும் மொழி. அவர்களுக்கு "அடுத்து" என்ற அம்பு இடப்பக்கம் பார்க்க வேண்டும். இதற்காகவே க்னோமின் அத்வைதா தீமில் சில அம்புகளுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும் இரட்டை உண்டு. வெறும் அம்புக்கே ஊரும் மொழியும் இருக்கிறது என்றால் வீட்டுக்கும் ஃபைலுக்கும் இல்லாமல் இருக்குமா?

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் செய்கிற வேலை என்று நினைத்தால் அதுவும் தவறு. 2003 ஜனவரியில் வந்த கேடிஈ 3.1 பதிப்பு உலகம் முழுக்கக் காட்டிய முகம் கிரிஸ்டல் என்ற ஐகான் தொகுதி. அதை வரைந்த எவரால்டோ கொயெல்யோ பிரேசில்காரர். அங்கிருந்த கோனெக்டிவா என்ற லினக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கண்ணாடி போல மின்னும் அந்த நீலக் கோப்புறைகளைப் பழைய திரைப்படங்களைத் தேடினால் இன்றும் பார்க்கலாம். சீனாவின் டீப்பின் லினக்ஸ் தனக்கென்று சொந்த ஐகான்களோடு வருகிறது.

நம்மவர்களுக்குத் திறமை இல்லை என்றும் சொல்ல முடியாது. பி.காம். படிக்கிற நாங்கள் தினமும் நூறு தடவை போடுகிற ரூபாய்க் குறியை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். 2010 ஜூலை 15-ல் மத்திய அமைச்சரவை அதை ஏற்றது. அக்டோபரில் யூனிகோடு 6.0-ல் இடம் பிடித்தது. அதே மாதம் 10-ஆம் தேதி வெளிவந்த உபுண்டு 10.10 அந்தக் குறியோடேயே வந்தது. மூன்றே மாதம். ஒரு நல்ல படமும் திறந்த கதவும் சேர்ந்தால் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தோல் ஊர்க் கணக்கு

இப்போது முதலில் சொன்ன தனிக் கணக்குக்கு வருகிறேன்.

பாலாற்றங்கரைத் தோல் தொழிலின் பழைய பெயர் ஈ.ஐ. தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பாதி பதனிட்ட தோல் இங்கிருந்து கப்பலேறி லண்டன் போகும். அங்கே அதை முழுத் தோலாக்கி, செருப்பாகவும் பையாகவும் தைத்து, பல மடங்கு விலைக்கு விற்பார்கள். 1972-ல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை அனுப்புவதைக் குறைத்து, முழுத் தோலாகவும் பொருளாகவும் செய்து அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1973 முதல் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அதன்பிறகுதான் இந்தப் பக்கம் முழுத் தோலும், அப்பரும், கடைசியில் முழு ஷூவும் செய்யும் ஊராக மாறியது. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் "வேல்யூ அடிஷன்" என்று படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால் ஏணியின் கடைசிப் படி இன்னும் பாக்கி. ஆம்பூரில் தைக்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் போகும் ஷூக்களில் பெரும்பகுதிக்கு டிசைனும் பிராண்டும் அங்கேயே முடிவாகிறது. மாடல் வரும், நாம் தைத்து அனுப்புவோம். தோலின் கழிவு பாலாற்றில் கலந்ததற்கான விலையும் நம்முடையது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்து, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. உழைப்பு இங்கே, மாசு இங்கே, வரைபடம் அங்கே.

நம் கணினித் திரையும் அதே படியில்தான் நிற்கிறது என்பது என் வாதம். தமிழாக்கம் பெரிய வேலை, மதிக்க வேண்டிய வேலை. ஆனால் அது இன்னொருவர் வரைந்த மேசைக்கு நாம் சீட்டு எழுதி ஒட்டுவது. மேசையை வரைவது அடுத்த படி. அந்தப் படிக்கு நம்மை ஏறவிடாமல் யாரும் தடுக்கவில்லை. கதவு இருபது வருடத்துக்கு மேலாகத் திறந்தே இருக்கிறது.

எதிர்வாதங்கள்

"பழகினால் எந்தப் படமும் புரிந்துவிடும், ஃபிளாப்பியைத் தொட்டே பார்க்காதவன்கூட அதை அழுத்திச் சேமிக்கிறான்" என்று கேட்கலாம். நியாயம்தான். மேக்கின்டாஷ் விசைப்பலகையில் இருக்கும் கட்டளைக் குறி ஸ்வீடனில் காணத்தக்க இடங்களைக் காட்டும் பலகைக் குறி. அது தெரியாமலே உலகம் அதை அழுத்துகிறது. ஆனால் பழகியவருக்கு எதுவும் புரியும். பழகாதவரைத்தான் யோசிக்க வேண்டும். நாற்பது வருடம் பேரேடு எழுதிவிட்டுக் கணினி முன் உட்கார வைக்கப்பட்ட கணக்குப்பிள்ளைக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற தொழிலாளிக்கும் முதலில் கண்ணில் படுவது படம்தான், எழுத்து அல்ல.

இன்னொரு எதிர்வாதம் நிரல் எழுதுபவர்களிடமிருந்தே வருகிறது. 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3-ல் தீம் மாற்றும் வசதி வழக்கமான அமைப்புப் பலகையிலிருந்து போய்விட்டது. தனிக் கருவி போட்டுத்தான் மாற்ற வேண்டும். 2019 மே மாதம் க்னோம் செயலிகள் எழுதும் சிலர் ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். "வினியோகங்கள் எங்கள் செயலிகளுக்குத் தாங்களாகத் தீம் மாட்டுவதை நிறுத்துங்கள்" என்பது அதன் சாரம். தீமால் பொத்தான் கெட்டுப்போனாலும், ஐகான் தவறான பொருள் தந்தாலும், திட்டு வாங்குவது அவர்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தன் கணினியில் தானே மாற்றிக்கொள்கிறவரை அந்த மடல் குறை சொல்லவில்லை. நம் பக்கம் பாடம் ஒன்றுதான்: படம் அழகாக இருந்தால் போதாது, பெயர் சொல்லும் பொருளைச் சரியாகச் சொல்ல வேண்டும். லாஸ்டுக்குப் பொருந்தாத அப்பர் எவ்வளவு பளபளத்தாலும் காலைக் கடிக்கும்.

மூன்று படம் போதும்

வாரிசு முறையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? வேலை இவ்வளவுதான். உங்கள் இல்ல அடைவுக்குள் முன்னால் புள்ளி வைத்த "ஐகான்ஸ்" என்ற மறைவு அடைவு. அதற்குள் உங்கள் தீமின் பெயரில் ஓர் அடைவு. அதில் "இன்டெக்ஸ்.தீம்" என்ற சின்ன எழுத்துக் கோப்பு, தீமின் பெயர், தாய்த் தீம் எது, எந்த அடைவில் எந்த அளவுப் படம் என்று அதில் எழுத வேண்டும். பிறகு படங்கள். இங்க்ஸ்கேப்பில் வரைந்து எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்தால் பெரிய அளவுகளுக்கு ஒரே கோப்பு போதும். 16-க்கு மட்டும் தனியாக மெனக்கெட வேண்டும். மற்றதெல்லாம் தாய்த் தீம் பார்த்துக்கொள்ளும்.

என்ன வரையலாம்? "ஃபோல்டர்" என்ற பெயருக்கு டேக் கட்டிய அட்டை ஃபைல். "யூசர்-ஹோம்" பெயருக்கு மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள வீடு. கணக்குச் செயலிக்குச் சிவப்புத் துணி பைண்டிங் பேரேடு. இவை என் யோசனை மட்டுமே. வாணியம்பாடிக்காரருக்கு வேறு தோன்றலாம், யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு வேறு தோன்றலாம். அதுதான் நல்லதும்கூட. முதல் வரைவை அப்பாவிடமோ பாட்டியிடமோ காட்டி, பெயர் சொல்லாமல், "இது என்ன?" என்று கேளுங்கள். அவர்கள் தயங்கினால் திரும்ப வரையுங்கள்.

முடிந்ததும் பூட்டி வைக்காதீர்கள். டாங்கோ குழு தங்கள் படங்களை 2009-ல் முழுப் பொதுச் சொத்தாக்கியது. அதனால்தான் அவற்றின் சாயல் இன்றும் எத்தனையோ செயலிகளில் தென்படுகிறது. அப்படியே வெளியிட்டால் வேறொருவர் நான்காவது படத்தைச் சேர்ப்பார்.

நம் வகுப்பில் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அருமையாகக் கிறுக்குகிறவர்கள் நான்கைந்து பேராவது இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அந்த மொட்டை மாடி வீட்டை யாராவது 16 கட்டத்துக்குள் அடக்கிக் காட்டுங்கள், பார்ப்போம். :-)